‘மேலும்’ இல்லாமல் எழுதிப் பார்ப்போம்

சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளின் தமிழ்க் கட்டுரைகளைத் திருத்துவது என் அன்றாட வேலை. இலங்கையின் கிழக்குக் கரையில் கல்முனை, காரைதீவு, களுவாஞ்சிகுடிப் பக்கத்துப் பிள்ளைகள். எழுத்துப்பிழை குறைந்துகொண்டு வருகிறது, கையெழுத்து திருந்துகிறது. ஆனால் எந்தக் கொப்பியைத் திறந்தாலும் வசனங்கள் ஒரே மாதிரித்தான் தொடங்குகின்றன: மேலும், அத்துடன், ஆகவே, எனவே, ஆனால். ‘எங்கள் ஊர்’ என்ற தலைப்புக்கு வந்த கட்டுரைகளில் வழக்கமாகக் காண்கிற பந்தி இது:

“எங்கள் ஊருக்கு அருகில் வாவி உள்ளது. மேலும் அது மிகவும் அழகானது. அத்துடன் அதில் மீன்கள் உள்ளன. ஆகவே மக்கள் மீன் பிடிக்கிறார்கள். ஆனால் மழைக்காலத்தில் வெள்ளம் வரும்.”

பிழை என்று சிவப்புப் பேனையால் சுழிக்க இதில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் வாசிக்கும்போது மனம் ஒட்டுவதில்லை. ஐந்து வசனமும் ஐந்து திசையைப் பார்த்து நிற்கின்றன. வாவி அழகாக இருப்பதற்கும் மீன் இருப்பதற்கும் என்ன தொடர்பு என்று ‘அத்துடன்’ சொல்லவில்லை. ‘ஆனால்’ எதை மறுக்கிறது என்றும் தெரியவில்லை.

இதை எழுதிய பிள்ளை வாய் திறந்தால் இப்படிப் பேசாது. முதல் நாள் ஏன் வகுப்புக்கு வரவில்லை என்று கேட்டால் ஒரே மூச்சில் சொல்லும்: “நேத்து மழைக்குள்ள நனைஞ்சி, இரவைக்குக் காய்ச்சல் வந்து, ஆசுபத்திரிக்குப் பொயித்து, மருந்து எடுத்துத்து வீட்ட வரப் பின்னேரமாப் பெய்த்து டீச்சர்.” எத்தனை நிகழ்ச்சிகள்! ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வருகின்றன. எது முதலில் நடந்தது, எதனால் எது நடந்தது, எல்லாம் விளங்குகிறது. ‘மேலும்’ இல்லை, ‘ஆகவே’ இல்லை.

நாங்கள் பிள்ளைகளுக்கு இணைப்புச் சொற்களை ஒரு பட்டியலாகக் கொடுக்கிறோம். ஆங்கிலப் பாடத்திலும் அப்படியொரு பட்டியல் உண்டு, அங்கே அது பொருந்தும். ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியங்களைச் சேர்க்க நடுவில் தனிச்சொல் ஒன்று நிற்பது இயல்பு. தமிழில் சேர்க்கிற வேலையின் பெரும்பங்கை ‘வந்து, போய்’ போல முடியாமல் நிற்கிற வினையெச்சமும் ‘உம்’ என்ற இடைச்சொல்லும் எடுத்துக்கொள்கின்றன. இரண்டும் சொல்லின் வாலில் இருப்பவை. பட்டியல் போட்டால் அகப்படாதவை. அதனால்தான் பாடத்தில் அவற்றுக்கு இடம் குறைந்துபோகிறது என்று நினைக்கிறேன்.

பழைய இலக்கணத்தில் இணைப்புச் சொல் என்று தனி வகுப்பே கிடையாது. பெயர், வினை, இடை, உரி என்ற நான்கில் இடைச்சொல்லுக்குள்ளேயே எல்லாம் அடங்கும். இடைச்சொல்லைத் தொல்காப்பியம் இப்படி அறிமுகம் செய்கிறது:

இடையெனப் படுப பெயரொடும் வினையொடும்
நடைபெற் றியலும் தமக்கியல் பிலவே.

பெயரோடும் வினையோடும் சேர்ந்து நடக்கும், தமக்கென்று தனி இயல்பு இல்லை. இந்த நூற்பாவிலேயே ‘பெயரொடும் வினையொடும்’ என்று உம் இரண்டு தடவை வந்து தன் வேலையைச் செய்து காட்டுகிறது. வரைவிலக்கணமும் உதாரணமும் ஒரே அடியில் கிடைக்கிற இந்த இடத்தை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

முதலில் வினையெச்சத்தைப் பார்ப்போம். வாவிக் கரையில் மீன் விற்கிற ஒருவர் தன் காலையைச் சொல்கிறார் என்று வையுங்கள்: “விடியக்காலம் எழும்பி, ஒரு தேத்தண்ணி குடிச்சி, தோணியத் தள்ளி, வலையப் பாத்து, மணலை மீனும் இறாலும் கொஞ்சம் எடுத்துத்து வந்தன்.” எழும்பி, குடிச்சி, தள்ளி, பாத்து, எடுத்துத்து என்று ஐந்து எச்சம். முற்று ஒன்றே ஒன்று, ‘வந்தன்’. காலமும் ஆளும் அந்தக் கடைசிச் சொல்லில்தான் இருக்கின்றன. மற்ற ஐந்தும் அதை நம்பிக் காத்து நிற்கின்றன. கேட்கிறவரும் அந்த முற்று வரும்வரை காதைக் கொடுத்துக்கொண்டிருப்பார். இதற்கும் தொல்காப்பியத்தில் நூற்பா இருக்கிறது:

பன்முறை யானும் வினையெஞ்சு கிளவி
சொன்முறை முடியாது அடுக்குந வரினும்
முன்னது முடிய முடியுமன் பொருளே.

எச்சங்கள் எத்தனை அடுக்கி வந்தாலும், முன்னே நிற்கிற முடிக்கும் சொல்லோடு ஒன்று முடிய, எல்லாம் முடிந்துவிடும். தோணிக்காரர் இலக்கணம் படித்தவராக இருக்கத் தேவையில்லை. அவர் வாயில் இருக்கிற ஒழுங்கைத்தான் நூல் எழுதி வைத்திருக்கிறது.

எங்கள் பக்கத்தில் வீட்டைவிட்டு வெளிக்கிடும்போது “பொயித்து வாறன்” என்போம். போவதும் வருவதும் இரண்டு வினை. அவற்றைச் சேர்க்கத் தனிச்சொல் எதையும் தேடவில்லை. ‘பொயித்து’ என்ற வடிவமே அடுத்த வினை வரப்போகிறது என்று சொல்லிவிடுகிறது. கதை சொல்லும்போது இன்னொரு சொல்லும் வரும்: ‘மறுகா’. பிறகு என்று பொருள். “மறுகா என்ன நடந்த தெரியுமா?” என்று அம்மம்மாமார் கதையை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோவார்கள். ஒவ்வொரு வசனத்துக்கும் அதைப் போடமாட்டார்கள். கதை திரும்புகிற இடத்தில் மட்டும் போடுவார்கள். இடையில் உள்ளதை எல்லாம் எச்சம் பார்த்துக்கொள்ளும்.

எச்சத்தில் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. ‘செய்து’ என்ற வாய்பாட்டில் வரும் எச்சமும் முடிக்கும் வினையும் பொதுவாக ஒரே ஆளுடைய செயலாக இருக்கவேண்டும். தம்பி சாப்பிட்டுப் படுத்தான் என்றால் சாப்பிட்டவனும் தம்பி, படுத்தவனும் தம்பி. ஆள் மாறினால் ‘செய’ வாய்பாடு கைகொடுக்கும்: மழை பெய்யக் குளம் நிறைந்தது. பெய்தது மழை, நிறைந்தது குளம். ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ என்றும் மக்கள் சொல்கிறார்கள். பழைய உரைகாரர்களே ‘மழை பெய்து மரம் குழைத்தது’ என்ற உதாரணத்தைக் காட்டி, பெய்து என்பது பெய்ய என்ற பொருளில் நின்றது என்று வழிவிட்டிருக்கிறார்கள். அந்தப் பிள்ளை ‘காய்ச்சல் வந்து ஆசுபத்திரிக்குப் பொயித்து’ என்று சொன்னதும் இந்த வகைதான். வந்தது காய்ச்சல், போனது பிள்ளை. பேச்சில் குழப்பம் இல்லை. எழுத்தில் மட்டும், ஆள் மாறுகிற இடத்தில் ஒரு கணம் நின்று, யார் செய்தது என்று பார்த்துவிட்டு எழுதச் சொல்வேன். “அப்பா வயலுக்குப் போய் அம்மா சோறு கொண்டுபோனார்” என்று ஒரு பிள்ளை எழுதினால், “அப்பா வயலுக்குப் போக, அம்மா சோறு கொண்டுபோனார்” என்று ஒரே ஒரு எழுத்துத் திருத்தம்தான் தேவைப்படும்.

இனி உம். இதைப் பற்றி எவ்வளவு பேசினாலும் எனக்கு அலுக்காது. தொல்காப்பியமும் நன்னூலும் இதற்கு எட்டுப் பொருள் சொல்கின்றன. எண்ணுவது அதில் ஒன்றுதான். இரவும் பகலும் என்பது அந்த எண்ணும்மை. மற்ற ஏழு பொருளையும் நாங்கள் நாள் முழுதும் பேசிக்கொண்டே இருக்கிறோம். ‘ஐந்து பேர் வந்தார்கள்’ என்றால் இன்னும் சிலர் வராமல் இருக்கலாம். ‘ஐந்து பேரும் வந்தார்கள்’ என்றால் ஆட்கள் ஐந்தே பேர், ஒருவர் குறையாமல் வந்துவிட்டார்கள். இது முற்றும்மை. விதைப்புக் காலத்தில் வட்டையில் (வயல்வெளியில்) நிற்கிறவரிடம் வானம் எப்படி என்று கேட்டால் “மழ வந்தாலும் வரும்” என்பார். அது ஐயவும்மை. வாவியிலே பிறந்து வளர்ந்தவனும் திசை தவறுகிற இருட்டு என்றால் அது சிறப்பும்மை. யார் என்ற வினாவோடு உம் சேர்த்தால் யாரும், ஓ சேர்த்தால் யாரோ. எங்கும், எங்கோ. என்றும், என்றோ. கேள்விச் சொற்கள் முழுவதையும் இந்த இரண்டு சிறு ஒலிகள் வேறு சொற்களாக மாற்றிவிடுகின்றன.

உம் எந்தச் சொல்லில் ஏறுகிறது என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. வகுப்பில் கரும்பலகையில் ஒரு வசனம் எழுதுவேன்: நான் நேற்று மட்டக்களப்புக்குப் போனேன். ‘நானும் நேற்று மட்டக்களப்புக்குப் போனேன்’ என்றால் வேறு யாரோ போயிருக்கிறார்கள். ‘நான் நேற்றும் மட்டக்களப்புக்குப் போனேன்’ என்றால் அதற்கு முன்னும் போயிருக்கிறேன். ‘நான் நேற்று மட்டக்களப்புக்கும் போனேன்’ என்றால் வேறு ஊருக்கும் போயிருக்கிறேன். சொல்லாத ஒன்றைச் சொன்னதோடு சேர்க்கிறது அது. இதைத்தான் எச்சவும்மை என்றார்கள். இப்போது அதே வசனத்தின் தலையில் ‘மேலும்’ என்று போட்டுப் பாருங்கள். எதோடு எது சேர்கிறது என்று தெரியாது.

திருக்குறளில் இதற்கு எனக்குப் பிடித்த இடம் கேள்வி அதிகாரத்தில் இருக்கிறது.

செவிக்குண வில்லாத போழ்து சிறிது
வயிற்றுக்கும் ஈயப் படும்.

‘வயிற்றுக்கும்’ என்பதில் உள்ள உம்மை எடுத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள்: செவிக்கு உணவு இல்லாதபோது வயிற்றுக்குச் சிறிது கொடுக்கப்படும். செய்தி அப்படியே இருக்கிறது, குறள் போய்விட்டது. முதல் உரிமை செவிக்கு, வயிறு பிறகுதான், அதுவும் கொஞ்சம்தான் என்ற அந்த வரிசை முழுவதும் உம்மில் அடங்கியிருந்தது. ஒரு பிள்ளைக்கு இது ஒருமுறை பிடிபட்டுவிட்டால் பிறகு உம்மைக் கண்ட இடத்தில் விட்டுப்போகாது.

எங்கள் மண்ணிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தரின் பாட்டு, இங்கே படித்த எல்லாருக்கும் தெரியும்.

வெள்ளைநிற மல்லிகையோ வேறெந்த மாமலரோ
வள்ளல் அடியிணைக்கு வாய்த்த மலரெதுவோ
வெள்ளைநிறப் பூவுமல்ல வேறெந்த மலருமல்ல
உள்ளக் கமலமடி உத்தமனார் வேண்டுவது.

பொருளுக்காகவும் இசைக்காகவும் இதைப் பாடுகிறோம். இணைப்புக்காக ஒருமுறை கேட்டுப் பாருங்கள். முதல் இரண்டு அடியிலும் ஓ. மல்லிகையோ, மாமலரோ, எதுவோ என்று மனம் இரண்டு பக்கமும் அசைகிறது. மூன்றாம் அடியில் ஓ முழுவதும் நின்றுபோய், அந்த இடத்தில் உம் வருகிறது. பூவும் அல்ல, மலரும் அல்ல. தெரிவு இரண்டும் ஒன்றாகச் சேர்த்து விலக்கப்படுகின்றன. நான்காம் அடியில் ஓவும் இல்லை, உம்மும் இல்லை. விடை தனியாக வந்து நிற்கிறது. கேட்பது, விலக்குவது, சொல்வது என்ற மூன்றையும் அவர் இரண்டு இடைச்சொல்லை வைத்து நடத்தியிருக்கிறார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1931இல் போனவர். இந்தக் கணக்கு அவர் கைக்குத் தெரியாமல் நடந்திருக்காது என்று நம்புகிறேன்.

சில இடங்களில் உம் மறைந்தும் நிற்கும். ஆடுமாடு, சோறுகறி, இராப்பகல் எல்லாம் உம்மைத்தொகை. மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, மேற்கே படும் பக்கம் படுவான்கரை. “எழுவான்கரை படுவான்கரை எல்லாம் வெள்ளம்” என்று மாரி காலத்தில் சொல்லும்போது நடுவில் ஒரு சொல்லும் இல்லாமலே இரண்டு கரையும் சேர்ந்துவிடுகின்றன.

அப்படியானால் ‘ஆனால், எனவே’ எல்லாம் எங்கிருந்து வந்தன? அவற்றைப் பிரித்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஆனால், ஆகவே, ஆதலால், ஆயினும் ஆகியவை ‘ஆ’ என்ற வினையடியில் பிறந்தவை. எனவே, எனினும், என்றாலும், ஏனெனில் ஆகியவற்றில் இருப்பது ‘என்’ என்ற வினை. அல்லது, அன்றி இரண்டும் ‘அல்’. இன்றி, இல்லாவிட்டால் இரண்டும் ‘இல்’. ஆதல், என்றல், அன்மை, இன்மை என்ற நான்கிலிருந்து பெரும்பாலான இணைப்புச் சொற்கள் கிளைத்திருக்கின்றன. வினையெச்சமாக இருந்தவை காலப்போக்கில் தனித்து நிற்கப் பழகியிருக்கின்றன. எங்கள் பேச்சில் வருகிற எண்டாலும், எண்டபடியா, ஆனபடியா, இல்லாட்டி எல்லாம் அதே குடும்பம்தான். ‘மேலும்’ என்பதும் மேல் என்ற சொல்லில் உம் ஏறியதே.

பிறப்பைத் தெரிந்துகொண்டால் பிழையும் தெரியும். ‘பெய்தாலும்’ என்பதற்குள் ‘ஆனால்’ சொல்லவருகிற மறுப்பு ஏற்கெனவே இருக்கிறது. “மழை பெய்தாலும் ஆனால் நாங்கள் போனோம்” என்று எழுதினால் ஒரே வேலையை இரண்டு பேர் செய்கிறார்கள். ‘ஏனெனில்’ விளைவை முதலில் வைத்துக் காரணத்தைப் பின்னால் கொண்டுவரும். தமிழின் இயல்பான நடை காரணத்தை முன்னால் வைப்பது. “வாய்க்கால் உடைந்தது. ஏனெனில் மழை பெய்தது” என்பதைவிட “மழை பெய்து வாய்க்கால் உடைந்தது” என்பது காதுக்குச் சரியாக இருக்கிறது. காரணத்தைத் தனியே எடுத்துக் காட்டி வாதிடவேண்டிய இடத்தில் ‘ஏனெனில்’ நன்றாகப் பொருந்தும். வெறும் செய்திக்கு வேண்டாம்.

‘மற்றும்’ பற்றியும் சொல்லவேண்டும், ஏனெனில் இதனால் மனிதர் அலைக்கழிகிறார்கள். மற்று என்ற இடைச்சொல்லுக்கு வினைமாற்று, அசைநிலை என்ற இரண்டு பொருளைத் தொல்காப்பியம் சொல்கிறது. நன்னூல் பிறிது என்ற பொருளையும் சேர்க்கிறது. இரண்டு பெயர்களை இணைக்கிற வேலை அதற்கு அங்கே கொடுக்கப்படவில்லை. இன்று அறிவித்தல் பலகைகளில் அது உம்மின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஓர் அலுவலகத்தில் இப்படி ஒட்டியிருந்தார்கள்: “பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு மற்றும் புகைப்படம் சமர்ப்பிக்கவும்.”

எங்கள் பக்கத்து வீட்டு மாமி அதை வாசித்துவிட்டு, பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் கொண்டு, இரண்டு பஸ் மாறிப் போனார். புகைப்படம் இல்லையென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வந்து என்னிடம் சொன்னார்: “அதில எழுதிக் கிடக்குத்தானே புள்ள, அடையாள அட்ட, இல்லாட்டி பாஸ்போட்டும் போட்டாவும் எண்டு.” மாமி வாசித்தது பிழை இல்லை. அந்த வசனத்தை அப்படியும் வாசிக்கலாம், புகைப்படம் எல்லாருக்கும் வேண்டும் என்றும் வாசிக்கலாம். ‘அல்லது’, ‘மற்றும்’ இரண்டும் சொற்களுக்கு நடுவே தனியாக நிற்பதால், எது எதோடு சேருகிறது என்று வாசிக்கிறவர்தான் ஊகிக்கவேண்டியிருக்கிறது. தமிழ் தருகிற வசதியைப் பயன்படுத்தி எழுதியிருந்தால்: “பிறப்புச் சான்றிதழையும் புகைப்படத்தையும் கட்டாயம் கொண்டுவரவும். அவற்றோடு அடையாள அட்டையையோ கடவுச்சீட்டையோ கொண்டுவரவும்.” உம் ஏறியவை இரண்டும் ஒரு சோடி, ஓ ஏறியவை இரண்டும் ஒரு சோடி. வேற்றுமை உருபு முதலில், உம்மும் ஓவும் அதன் பின்னால். குழம்ப இடமில்லை. மாமிக்கு ஒரு நாள் கூலியும் பஸ் காசும் மிச்சமாகியிருக்கும்.

உம்மை எழுதும்போது பிள்ளைகள் செய்கிற பிழை ஒன்று, அதைப் பாதியில் விட்டுவிடுவது. ‘அண்ணாவும் தம்பி வந்தார்கள்’ என்று எழுதிவிடுவார்கள். எண்ணுவதென்றால் எல்லாவற்றிலும் ஏறவேண்டும். உருப்படி நாலைந்துக்கு மேல் போனால் உம் நெருக்கமாகிவிடும். அப்போது காற்புள்ளி இட்டுக் கடைசியில் ‘ஆகிய’ என்று முடிக்கலாம்: நெல், சோளம், கச்சான், கௌப்பி ஆகியவை.

முதலில் காட்டிய பந்திக்கு வருகிறேன். அதைப் பிள்ளைகளிடம் கொடுத்து, வசனத் தலையில் நிற்கிற இணைப்புச் சொற்களை எல்லாம் வெட்டச் சொன்னேன். பிறகு, இதை உங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டேன். ஒரு பிள்ளை வாயால் சொன்னதை எழுத்து வழக்குக்கு மாற்றினோம்: “எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு கிடக்கிற வாவி பார்க்கவும் அழகு, எங்களுக்குச் சோறும் போடுகிறது. விடியவே தோணி தள்ளிப்போய் மீனும் இறாலும் பிடித்து வருவார்கள். மாரி பிறந்து வெள்ளம் ஏறினால் அதே வாவிக்குப் பயந்து பாய் தலையணையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடுவோம்.” அதே செய்திதான். வெள்ளம் ஏன் அந்தப் பந்தியில் வந்தது என்பது இப்போது விளங்குகிறது.

“அப்ப டீச்சர், ‘மேலும்’ எண்டு எழுதினாப் புள்ளி குறையுமா?” என்று ஒரு மகள் கேட்டார். குறையாது. அந்தச் சொற்களை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. வாதம் செய்கிற கட்டுரையில், ஒரு நியாயத்தை முடித்துவிட்டு அடுத்த நியாயத்துக்குப் போகும்போது ‘மேலும்’ தேவைப்படும். இதுவரை ஒரு பக்கத்தைச் சொல்லிவந்து, மறுபக்கத்துக்குத் திரும்பும்போது பந்தியின் தலையில் தனியாக நிற்கிற ‘ஆனால்’ பலமானது. அதைவிட வேறொன்று அங்கே பொருந்தாது. இரண்டு பந்திகளுக்கு நடுவிலே எச்சத்தால் எட்டிப்பிடிக்க முடியாது, அங்கே தனிச்சொல் வேண்டும். ஒரே பந்திக்குள் ஒரே ஆள் அடுத்தடுத்துச் செய்கிற காரியங்களுக்கு எச்சம் போதும், ஒரு வசனத்துக்குள் சேரும் பெயர்களுக்கு உம் போதும். அந்த மகளுடைய அடுத்த கட்டுரையில் ‘மேலும்’ ஒரு இடத்தில் வந்திருந்தது. மூன்றாம் பந்தியின் தொடக்கத்தில், சரியான இடத்தில்.